ரத்னம்மா கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னதற்கு முதலில் நன்றி. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு இன்றைக்கும் பேச்சு குழறும். இத்தனை வருஷம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் இப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். வாசலில் நின்று ஒருவரிடம் கேட்பது வேறு. அங்கே நாம் பேச வேண்டியது கொஞ்சம்தான், பாக்கியை அவர்கள் பேசிக்கொள்வார்கள். கூச்சக்காரர்களுக்கு ஏற்ற தொழில் இது என்றே சொல்வேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். உங்கள் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கணக்குக்குள் போய் விழும் பதில் ஒரு மனிதர் வாயிலிருந்து எப்படிப் புறப்படுகிறது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. ஓசூரில் தொழிற்பேட்டையைச் சுற்றிப் புதுத் தெருக்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள், உள்ளூர்த் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களோடு ஒரே காம்பவுண்டில் குடியிருந்தன. புதுச் சாமான்களைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டுச் சொல்லும் எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில். நான் ஓசூரில் ஃபீல்டு சூப்பர்வைசர். என்னிடம் சில பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ரத்னம்மா.

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து ராகியை வாங்கி அரைக்கும் மில்காரர் ஒருவர், உடனடி ராகி தோசை மாவு கொண்டுவர நினைத்தார். தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் சுட்டுவிடலாம். விடியற்காலையில் எழுந்து ஷிப்டுக்குப் போகும் கணவருக்கு டிபன் டப்பா கட்டும் பெண்களுக்குத்தான் அதை விற்க நினைத்தார். புது மெஷின் வாங்கி ஆட்கள் போடுவதற்கு முன்னால், மக்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பெயர் அச்சடிக்காத வெள்ளைப் பாக்கெட்டை வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய், ருசி எப்படி, மணம் எப்படி, வாங்குவீர்களா என்று கேட்டு, ஐந்துக்கு எத்தனை என்று குறித்து வருவது எங்கள் வேலை. தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் தெருக்களை ரத்னம்மாவிடம் கொடுத்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மற்றவர்களுக்கு ஜன்னல்கூடத் திறக்காத வீட்டில் ரத்னம்மாவுக்கு நடுவீட்டில் பாய் விரிப்பார்கள். தெலுங்கு வீட்டில் தெலுங்கு, கன்னட வீட்டில் கன்னடம், நம்மிடம் இரண்டும் கலந்த தமிழ். ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு எந்தக் கடையில் பச்சரிசி நன்றாக இருக்கும், எந்த டாக்டர் குழந்தையை அதட்டாமல் பார்ப்பார் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பது அவள்தான். தெருவே அவளை ரத்னக்கா என்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து போன் வந்தது. வரும் பதில்களை அட்டவணையாக்கி ஆராயும் பெண் அவர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று பின்னாளில் அவரே கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே எழுதுகிறேன்.

"அக்கா, ரத்னம்மாவோட ஃபார்ம் எல்லாத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு. ருசி அஞ்சு, மணம் அஞ்சு, வாங்குவேன் அஞ்சு. ஒரு வீட்டுல கூட நாலு இல்ல. மத்தவங்களோடதுல ஏறியிறங்கி இருக்கு. இவங்க எங்கயும் போகாம தன் வீட்டுல உக்காந்து தானே எழுதியிருக்காங்க."

"அப்படிப் பண்ற ஆளில்ல மேடம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதான் இங்கருந்து நாலஞ்சு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். எல்லாருமே எங்க வீட்டுக்கு யாரும் வரலைன்னு சொல்றாங்க."

திங்கட்கிழமை மில்காரர் முடிவு கேட்க வருகிறார். அதற்குள் ரத்னம்மாவின் ஃபார்ம்களைத் தூக்கிவிட்டு வேறு ஆளை வைத்து எடுக்க வேண்டும், ரத்னம்மாவின் பெயரை இனி கூப்பிடக் கூடாதவர்கள் வரிசையில் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த வரிசை மற்ற ஏஜென்சிகளுக்கும் போகும். ஓசூரில் அதன் பிறகு அவளுக்கு இந்த வேலையை யாரும் தர மாட்டார்கள். கணவர் இல்லாமல், ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"நான் ஒரு தடவ நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேனே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேடம் விடவில்லை. "வேண்டாம், நானே வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். ரத்னம்மாகிட்ட சொல்லாதீங்க."

நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். எனக்கு ரத்னம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அவள் அழுதுகொண்டே அந்த வீடுகளுக்கு ஓடுவாள். பிறகு அந்த வீடுகளில் எங்களுக்குக் கிடைப்பது அவளுக்கான சாட்சியாக மட்டுமே இருக்கும். அவள் நேர்மையை நிரூபிக்க வேண்டுமென்றால் அவளிடம் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் காலைப் பொழுது எனக்குச் சுலபமாகப் போகவில்லை.

மத்தியானம் மேடம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாங்கள் போனது ஒரு காம்பவுண்டில் கடைசி வீடு. முத்துலட்சுமி என்ற பெண். திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போனில் யாரும் வரவில்லை என்று சொன்ன வீடுகளில் இதுவும் ஒன்று.

மேடம் கேட்டார். "உங்க வீட்டுக்கு யாராச்சும் மாவுப் பாக்கெட் கொடுத்து, கேள்வி கேட்டுட்டுப் போனாங்களா?"

"இல்லியே. யாரும் வரல," என்றாள் முத்துலட்சுமி, பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகமாக இல்லை, பயந்த முகமாக இருந்தது. "ரத்னம்மா எங்ககூடத்தான் வேலை பாக்கறாங்க. நான் அவங்க சூப்பர்வைசர்," என்றேன்.

கதவு முழுசாகத் திறந்தது. "ரத்னக்கா ஆபீஸா? அத மொதல்லயே சொல்லப்படாதா! உள்ள வாங்க. நேத்துப் போன்ல எவரோ பெங்களூர்லேந்து, உங்க வீட்டுக்கு யார் வந்தா, என்ன கேட்டான்னு போலீசு மாதிரி கேட்டாரு. இவுகளுக்கு வேலை இன்னும் பெர்மனன்ட் ஆகல. வெளியாள் யாருகிட்டயும் பேச்சு வச்சுக்காதன்னு சொல்லியிருக்காவ. யாரும் வரலைன்னு சொல்லிட்டா வம்பில்ல பாத்தியளா?"

"அப்போ ரத்னம்மா வந்தாங்களா?"

"வராம? ரெண்டு தடவ வந்தாவ. போன வாரம் இந்தா, இங்கதான் உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு எழுதினாவ."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. மேடமும் முகம் தெளிந்து, என்னிடம் மெதுவாக "சாரிக்கா" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவரிடம் நான் கற்றது அப்படி எழுந்திருக்காமல் இருந்ததைத்தான். நாம் பயந்தது நடக்கவில்லை என்று தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவோம். அவர் முதலில் கேட்ட கேள்வி அப்படியே பாக்கி இருந்தது. அத்தனை பேரும் எப்படி ஐந்து போட்டார்கள்?

"மாவு எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நிஜமா?"

"நிஜமாத்தான். அஞ்சுக்கு அஞ்சு போட்டேம்லா."

அந்த நேரத்தில் முதல் ஷிப்ட் முடிந்து அவள் கணவர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன விஷயம்?" என்றார்.

"ரத்னக்கா ஆபீஸ்லேந்து வந்திருக்காவ. அந்த ராகி மாவு எப்படி இருந்துச்சுன்னு கேக்காவ," என்று முத்துலட்சுமி அவரை முறைத்துப் பார்த்தாள்.

முறைப்பை அவர் கவனிக்கவில்லை. "அய்யோ, அதுவா? பல்லு போயிரும் மேடம்! விடியக்காலைல சுட்டு டப்பால போட்டு விடுதா. நான் தொறக்கும்போது அப்படியே விறைச்சுக் கெடக்கு. எங்க லைன்ல ஒருத்தன், 'என்னல, சாப்பாட்டுக்குக் கேஸ்கட் கொண்டாந்திருக்க'ங்கான். இன்னொருத்தன் அத எடுத்து மெஷின் மூடில, ரப்பர் வளையம் போடுத எடத்துல வச்சு அளவு பாக்கான். ஒரு வாரமா எம்பேரே கேஸ்கட்டுதான்."

மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்மா, அப்புறம் எதுக்கு அஞ்சு போட்டீங்க?" என்றேன்.

"நல்லா இல்லைன்னு எழுதுனா ரத்னக்காவுக்கு ஆபீஸ்ல திட்டு விழுமே. பாவம், வெயில்ல அலையுதாவ. அவுக வேலைக்கு ஒரு கேடு வரப்படாதுன்னுதான் இந்தக் காம்பவுண்டுல எல்லாரும் அஞ்சு போட்டோம். பேசி வச்சுத்தான் போட்டோம்."

அவள் வேலையைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட ஐந்துகள்தான் அவள் வேலைக்கு உலை வைத்திருந்தன. அதை நான் முத்துலட்சுமியிடம் சொல்லவில்லை.

இப்போது ஒரு சாமான் வீட்டுக்கு வந்தால் கொண்டுவந்த பையன், "அஞ்சு ஸ்டார் போடுங்க சார்" என்று கேட்கிறான். சாமான் சுமாராக இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்து ஐந்து போடுகிறோம். அந்த ஐந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும்போது அதில் சாமான் எவ்வளவு, பையன் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பொய்ப் பதில் என்றால் நம்மை ஏமாற்றுவதற்காகச் சொன்னதாக நினைக்காதீர்கள். பல பொய்கள் அன்பில் சொல்லப்படுகின்றன. கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமானவை அவைதான்.

அன்று சாயங்காலம் ரத்னம்மாவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னோம். டீயைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ நான் இவ்ளோ வருசமா எழுதிக்கினு வந்ததெல்லாம் பொய்யா அக்கா? எங்கிட்ட யாருமே நெசம் பேசலையா?"

"உங்ககிட்ட நிஜம்தான் பேசறாங்க. உங்க ஃபார்ம்கிட்டதான் பொய் சொல்றாங்க," என்றார் மேடம்.

ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி மேடம். நாளைக்கே போறேன். 'நல்லாருக்குன்னு சொன்னா என் வேல போயிடும், அதனால நல்லா இல்லைன்னு சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

"அப்போ எல்லாரும் ஒண்ணு போட்டுடுவாங்க!"

"போட்டுடுவாங்க மேடம், கண்டிப்பா போட்டுடுவாங்க," என்றாள். அந்த வருத்தத்திலும் அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

மேடம் போனில் நடந்ததைச் சொன்ன பிறகும் பெங்களூர் மேலிடம் சொன்னது அப்படியேதான் நின்றது. ரத்னம்மாவை எடுத்துவிட்டு வேறு ஆளை அனுப்பு என்றார்கள். மேடத்துக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான் வாழ்க்கையில் அலுவலகத்தாரை எதிர்த்துப் பேசிய ஒரே நாள் அது.

"அவளத்தான் அனுப்பணும் மேடம். வேற ஆளுக்கு அந்தக் கதவெல்லாம் தெறக்காது, இன்னிக்கு நீங்களே பாத்தீங்க. ஆள மாத்த வேண்டாம், கேள்விய மாத்தலாம்."

மேடம் எழுந்தார். வெளியே போய் மறுபடி போனில் பேசிவிட்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். சரியா வரலைன்னா அவங்க பேரை நான் சேர்த்துத்தான் ஆகணும். என் பேரும் கொஞ்சம் கெடும்."

அந்த டீக்கடை மேசையில்தான் புதுக் கேள்விகள் பிறந்தன. முத்துலட்சுமியின் கணவர் உண்மையைச் சொன்னது எந்த மதிப்பெண் கேள்விக்கும் பதிலாக அல்ல. தனக்கு நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதனால் நல்லதா கெட்டதா என்று கேட்கவே கூடாது என்று முடிவு செய்தோம். முதலில் எப்போது சுட்டீர்கள், யார் சாப்பிட்டார்கள், மிச்சத்தை என்ன செய்தீர்கள், மறுபடி எப்போது சுட்டீர்கள் என்று நடந்ததை மட்டும் கேட்க வேண்டும். கடைசியில் நன்றிப் பரிசாக ஒரு பாக்கெட். அதே ராகி மாவோ, சாதாரண ரவையோ, இரண்டில் விருப்பமானதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். இது மேடத்தின் யோசனை.

"அவங்க எடுக்கறப்போ நீங்க பார்க்கக் கூடாது," என்றார் மேடம். "பையை நடுவீட்டுல வச்சிட்டு, வெளிய போய்க் குழந்தையக் கொஞ்சுங்க."

"கொழந்த இல்லாத வீட்டுல?"

"செடியக் கொஞ்சுங்க!"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தெருமுனையோடு நின்றுகொண்டேன். உள்ளே போகக் கால் துடித்தது, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரத்னம்மா என் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தாள். மேடமும் அங்கே காத்திருந்தார். ரத்னம்மா மூச்சு விடாமல் பேசினாள். ஒருத்தி பிள்ளைக்கு ராகி தோசைக்குள் வெல்லம் வைத்துக் கொடுத்தாளாம், பிள்ளை இன்னும் கேட்டதாம். ஒருத்தி வீட்டில் திரும்பி வந்த டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தார்களாம். முத்துலட்சுமி ரவையை எடுத்துக்கொண்டு, கோபமில்லையே அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

மேடம் அவள் சொல்வதை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்தது. டப்பாவில் கட்டிய வீடுகள் ஏறக்குறைய எல்லாம் ரவையை எடுத்திருந்தன. சாயங்காலம் சுடச்சுடச் சாப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் ராகி மாவு. மாவில் குறையில்லை, அதைச் சுட்டு நேரம் கழித்துச் சாப்பிட்டதுதான் தப்பு. அந்த ஐந்துகளுக்கு அடியில் இப்படி ஒரு தெளிவான பதில் படுத்திருந்தது.

திங்கட்கிழமை மில்காரர் வந்தார். கையில் விற்பனைக்கான மாதிரி அட்டைப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதில் பெரிதாக ஒரு டிபன் டப்பாவின் படம்.

மேடம் அட்டவணையை விரித்தார். பிறகு, "நீங்களே சொல்லுங்க அக்கா" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கேஸ்கட் வரைக்கும் சொன்னேன்.

மில்காரர் பெட்டியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். "என்னாம்மா இது, டப்பாவுக்குத்தான்னு நான் படமே போட்டுட்டு வந்துட்டேன்," என்றார். அப்புறம், "என்னான்னு சொன்னானாம்? கேஸ்கட்டா?" என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மெஷின இப்ப வாங்கல. படத்த மாத்திடறேன், சாயங்கால டிபன்னு போட்டுடலாம். மாவயும் கொஞ்சம் மாத்திப் பாக்கறேன். மறுபடியும் கேட்டுச் சொல்றீங்களா?"

மறுபடியும் கேட்டுச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்பதுதான் நம் தொழிலில் கிடைக்கும் பெரிய மரியாதை. முதல் பதிலை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருந்தால் அவர் கடைகளிலிருந்து மாவை மூட்டை மூட்டையாகத் திரும்பப் பெற்றிருப்பார்.

மேடம் ரத்னம்மாவின் பெயரை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. மாறாக ஒரு விதியை மாற்றினார். தன்னைத் தெரிந்த தெருவில் யாரும் ருசி கேட்கக் கூடாது. நடந்ததைக் கேட்கும் வேலைக்கு அறிமுகமானவர்கள், பிடித்ததைக் கேட்கும் வேலைக்கு அறிமுகமில்லாதவர்கள். இன்றைக்கு உங்களுக்குத் தரும் பயிற்சியில் அது ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் ஒரு டீக்கடை இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதினேன்.

மில்காரரின் மாற்றிய மாவு சில மாதம் கழித்து வந்தது. ஓசூரில் அவளைத் தெரியாத தெரு கிடைக்காததால் ரத்னம்மாவை மத்தூருக்கு அனுப்பினேன். போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். தெரியாத ஊர், தெரியாத ஜனம், யார் உட்காரச் சொல்வார்கள் என்று புலம்பினாள். அந்த வேலையில் தோற்றால் இந்தத் தடவை அவளைக் காப்பாற்ற என்னிடம் எதுவும் இல்லை என்பது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பாக்கெட் கொடுத்து ஒரு வாரம் கழித்துக் கேட்கப் போன அன்று, சாயங்காலம் மத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு வீட்டுல கூட ஒரு வாய் காபி குடுக்கல. ஒருத்தி வாசப்படியிலயே நிக்க வெச்சுப் பேசினா."

"அய்யோ. பதில் சொன்னாங்களா?"

"சொல்லாம? மொத வீட்டுல நல்லாருக்குன்னாங்க, நாலு. ரெண்டாவது வீட்டுல புளிப்புப் பத்தலன்னாங்க, மூணு. அதுக்கடுத்த வீட்டுல ஒரு கெழவி, 'இத எவன் துன்னுவான், எடுத்துக்கினு போ'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா அக்கா!"

அவள் சிரிப்பு அந்தப் பஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"ஒண்ணு போட்டேன் அக்கா. என் கையால மொத மொதலா ஒண்ணு போட்டேன்!"